மரவள்ளித் தோலுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் நடுவே ஓர் இரவு

மரவள்ளித் தோலை மாட்டுக்குப் போடலாமா? காலங்காலமாகப் போடுகிறோம், ஒன்றும் ஆனதில்லை என்பவர்கள் உண்டு. தின்றால் செத்துப்போகும் என்று தொழுவத்துப் பக்கமே அதை அண்டவிடாதவர்களும் உண்டு. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். கிழங்கிலிருந்து சீவிய தோல், மாட்டின் வாய்க்குப் போகும்வரை எத்தனை மணி நேரம், எந்த நிலையில் கிடந்தது என்பதைப் பொறுத்து அது தீவனமாகிறது அல்லது நஞ்சாகிறது.

2023 டிசம்பர் 31 இரவு, இடுக்கி மாவட்டத்தில் ஒரு குடும்பப் பண்ணையில் மரவள்ளித் தோல் தின்ற மாடுகளில் 13 இறந்துபோயின. கேரளம் முழுவதும் அந்தச் செய்தி பேசப்பட்டது. அரசும் பொதுமக்களும் உதவிக்கு வந்தார்கள். அந்த வீட்டார் செய்தது வேறு ஆயிரம் வீடுகளிலும் நடப்பதுதான். அதனால்தான் இந்த நஞ்சின் உள்வேலையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

பார்ப்பதற்கு ஏற்ற இடம் திருவனந்தபுரத்தின் கழக்கூட்டம். டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்த பிறகு அந்தப் பகுதியில் தட்டுக்கடைகளும் சிறு ஓட்டல்களும் பெருகின. கப்பை என்று அங்கே சொல்லும் மரவள்ளியும் மீன்கறியும் அன்றாடச் சாப்பாடு. ஒவ்வொரு கடைக்குப் பின்னாலும் தினமும் தோல் குவிகிறது. அங்கிருந்து நகரத்தை நோக்கிச் சில கிலோமீட்டர் வந்தால் ஸ்ரீகாரியம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. சேலம், நாமக்கல் வயல்களில் நம் விவசாயிகள் நட்ட எச்-165, எச்-226 ரகங்கள் அங்கே உருவானவை. கிழங்கின் நஞ்சை எப்படி இறக்குவது, கழிவை எப்படித் தீவனமாக்குவது என்று பல பத்தாண்டுகளாக வேலை நடக்கும் இடமும் அதுவே.

வேலையைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. இட்லி மாவு போதும். ஊறவைக்கிறோம், அரைக்கிறோம், இரவு முழுக்க வைக்கிறோம், புளித்த பிறகு ஆவியில் வைக்கிறோம். அரிசியோடு உளுந்து சேர்க்கிறோம். அரைத்த கையோடு ஊற்றினால் இட்லி கல்லாகிவிடும் என்பது எந்தச் சமையற்கட்டுக்கும் தெரியும். தீவனம் செய்வதிலும் இதே படிகள் வருகின்றன. எந்தப் படியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது மட்டும்தான் இங்கே வேறு. மாவில் தவறினால் ஒரு வேளைப் பலகாரம் கெடும், தொழுவத்தில் தவறினால் உயிர் போகும்.

அரைப்பது

மரவள்ளியின் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு பொருள்கள் தனித்தனியாக இருக்கின்றன. உள்ளே, நீர் நிறைந்த பையில் லினமாரின் என்ற சர்க்கரைப் பொருள். அதில் சயனைடு கட்டுண்டு கிடக்கிறது. வெளிச் சுவரில் லினமாரேஸ் என்ற நொதி. கிழங்கு முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. வெட்டினாலோ, நசுக்கினாலோ, மென்றாலோ அறை உடைந்து இரண்டும் கலக்கின்றன. நொதி லினமாரினை உடைக்கிறது. அதிலிருந்து வருவது அசிட்டோன் சயனோஹைட்ரின். அதுவும் தானாகவே உடைந்து ஹைட்ரஜன் சயனைடாகிறது.

செடி இதைத் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்து வைத்திருக்கிறது. கடிக்கிற பூச்சியின் வாயில்தான் நஞ்சு பிறக்கும். மாட்டின் வயிற்றிலும் அப்படித்தான். அசைபோடும் விலங்குகளுக்கு இது கூடுதல் ஆபத்து, ஏனென்றால் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களும் லினமாரினை உடைக்க வல்லவை. அங்கே ஈரமும் வெப்பமும் அவற்றுக்குத் தோதாக இருக்கின்றன. பிறந்த சயனைடு ரத்தத்தில் ஏறியதும் உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிரணு மூச்சுத் திணறுகிறது. இறந்த மாட்டின் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருப்பது அதனால்தான்.

கணக்கு ஒன்று போடலாம். மாட்டின் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு வேகமாக உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து என்பது கால்நடை மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் அளவு. 300 கிலோ மாட்டுக்கு 600 மில்லிகிராம். ஒரு கிலோ பச்சைத் தோலில் 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால் 2 கிலோ போதும். பசித்த மாடு அதைச் சில நிமிடங்களில் தின்றுவிடும். நாம் சாப்பிடும் சதைப்பகுதியைவிடத் தோலில் நஞ்சு பல மடங்கு கூடுதல். வறட்சியில் வளர்ந்த செடியில் இன்னும் ஏறும். நேற்று போட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவம் இன்றைய சாக்குத் தோலுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்: ரகம் வேறாக இருக்கலாம், மண் வேறாக இருக்கலாம், மழை பெய்யாமல் இருந்திருக்கலாம்.

நொதியின் இந்த உடைக்கும் வேலையையே நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். மாட்டின் வயிற்றில் நடக்கப்போவதை வெளியிலேயே நடத்திவிட்டால் நஞ்சு காற்றோடு போய்விடும். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். திருவனந்தபுரத்துப் பகல் வெப்பமே அதற்குப் போதும். ஆக முதல் வேலை அறைகளை உடைப்பது. நன்றாக அரைக்க வேண்டும், துருவ வேண்டும், குறைந்தது நசுக்கவாவது வேண்டும்.

காத்திருப்பது

அரைத்ததும் அடுப்பில் வைத்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. சூடு காட்டினால் நஞ்சு போய்விடும் என்பது பொது நம்பிக்கை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 70 டிகிரியைத் தாண்டினால் லினமாரேஸ் நொதி செயலிழக்கத் தொடங்கும். லினமாரினோ அந்தச் சூட்டுக்கு அசையாது. நொதி செத்து, லினமாரின் அப்படியே நின்றுவிட்டால், பார்வைக்கு மொறுமொறுவென்று காய்ந்த பண்டம் உள்ளே நஞ்சோடு இருக்கும். மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் மீதி வேலையை முடித்துவிடும். வீட்டில் கப்பை வேகவைக்கும்போது நிறையத் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்களே, அது மிகச் சரியான பழக்கம். நொதி செத்தாலும் லினமாரினில் நல்ல பங்கு நீரில் கரைந்து வெளியேறிவிடும். அந்த வடிநீரை மட்டும் கழுநீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது.

ஸ்ரீகாரிய நிலையத்தின் பாலா நம்பீசனும் எஸ். சுந்தரேசனும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கிழங்கை மெல்லிய சீவல்களாக வெட்டிக் காயவைத்தால் நஞ்சு வேகமாகப் போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் கண்டது எதிர்மாறு. மெல்லிய சீவலில்தான் நஞ்சு கூடுதலாகத் தங்கியது. மெல்லியது சீக்கிரம் காய்கிறது. ஈரம் போனதும் நொதி நின்றுவிடுகிறது. தடித்த துண்டு மெதுவாகக் காய்வதால் நொதிக்கு நேரம் கிடைக்கிறது. அதேபோல, சூடேற்றிய அடுப்பில் வேகமாக உலர்த்தியதைவிட வெயிலில் மெதுவாக உலர்த்தியது நல்லது. எல்லாவற்றிலும் சிறந்தது, அரைத்து நசுக்கிய பிறகு வெயிலில் காயவைத்தது. நஞ்சில் 95 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டது. அறை உடைய வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், நேரம் வேண்டும். இட்லி மாவு கேட்பதும் இந்த மூன்றையும்தான்.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி இதை ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார். அங்கே கசப்பு மரவள்ளி மாவையே நம்பி வாழும் ஏழைகளுக்குக் கொன்சோ என்ற நோய் வருகிறது. கால்கள் நிரந்தரமாக விறைத்துவிடும். பிராட்பரி சொன்ன வழி, மாவை நீர்விட்டுப் பிசைந்து மெல்லிசாகப் பரப்பி வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ விட்டுவைத்து, அதன் பிறகு சமைப்பது. ஒரு பைசா செலவில்லை. காய்ந்த மாவில் உறங்கிக் கிடக்கும் நொதி ஈரம் பட்டதும் எழுந்து தன் வேலையை முடிக்கிறது.

புளிக்க வைப்பது

மரவள்ளித் தழையையோ தோலையோ பல மாதம் வைத்திருக்க வேண்டுமானால், குறிப்பாக வெயிலே எட்டிப்பார்க்காத மழைக்காலத்தில், ஊறுகாய்ப்புல் போடும் முறைதான் கைகொடுக்கும். தழையை ஒருநாள் வாடவிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, பிளாஸ்டிக் டிரம்மில் காற்று புகாமல் மிதித்து அடைத்து, மூன்று நான்கு வாரம் விட வேண்டும். மாவைப் புளிக்க வைக்கும் அதே இனத்து லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக்கும். புளிப்பு ஏறி அமில-கார அளவு (pH) 4ஐ ஒட்டி இறங்கியதும் கெடுக்கும் கிருமிகள் அடங்கிவிடும்.

ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. அசிட்டோன் சயனோஹைட்ரின் புளிப்பில் சீக்கிரம் உடையாது. அதனால் நறுக்குவதற்கு முன் வாடவிடுவதும், டிரம்மைத் திறந்ததும் தேவையான அளவை எடுத்துக் காற்றோட்டமான தரையில் சில மணி நேரம் பரப்பி வைப்பதும் கட்டாயம். திறந்த டிரம்மிலிருந்து நேரே தொட்டியில் கொட்டுவது பாதி வேலையோடு நிறுத்துவதாகும்.

உளுந்து சேர்ப்பது

நஞ்சு இறங்கிவிட்டது என்பதால் மட்டும் அது நல்ல தீவனமாகிவிடாது. அரிசியை மட்டும் அரைத்து இட்லி வார்க்க முடியாது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மரவள்ளியின் குறை இன்னும் பெரிது. காய்ந்த கிழங்கு மாவின் சக்தி மக்காச்சோளத்துக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். புரதம் என்று பார்த்தால் மக்காச்சோளத்தில் 8, 9 சதவீதம், இதில் 2, 3 சதவீதம்.

அதோடு சயனைடு தனக்கென்று ஒரு விலை கேட்கிறது. மிச்சமிருக்கும் சிறிதளவு சயனைடை உடல் கல்லீரலில் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. அதற்கு ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கந்தக அணு வேண்டும். அந்தக் கந்தகம் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. கோழித் தீவனத்தில் எப்போதும் முதலில் பற்றாக்குறை ஆவது மெத்தியோனின்தான். ஏற்கெனவே குறைவாக உள்ளதைச் சயனைடு பங்குபோட்டுக்கொள்ளும். அதனால் மரவள்ளி சேர்க்கும்போது சோயாப் பிண்ணாக்கைக் கூட்டுவதோடு மெத்தியோனினையும் தனியாகக் கூட்ட வேண்டும். தயோசயனேட் அயோடினுக்கும் குறுக்கே நிற்கும் என்பதால் தாது உப்புக் கலவையில் அயோடின் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டைக்கோழிக்கு இன்னொரு சிக்கல். மஞ்சள் மக்காச்சோளத்தில் உள்ள நிறமிதான் மஞ்சள் கருவுக்கு நிறம் தருகிறது. மரவள்ளிக் கிழங்கில் அது இல்லை; கரு வெளிறிவிடும், வாங்குபவர் முகம் சுளிப்பார். ஆனால் அதே செடியின் இலையில் அந்த நிறமி உண்டு, காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதமும் உண்டு. நன்றாக நறுக்கி, வாடவிட்டு, உலர்த்திப் பொடித்த இலையைக் கோழிக்குச் சிறிதளவும் மாட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவும் சேர்க்கலாம். இலையில் நஞ்சும் டானினும் இருப்பதால் அளவு மீறக் கூடாது. பூச்சிக்கொல்லியே செய்யும் அளவுக்கு இலையில் வீரியம் இருக்கிறது; ஸ்ரீகாரியத்தில் உருவான நன்மா, மென்மா, ஷ்ரேயா ஆகிய உயிர்ப் பூச்சிக்கொல்லிகள் மரவள்ளி இலையிலிருந்து எடுக்கப்பட்டவை.

மாட்டுக்கும் கோழிக்கும் ஒரே கலவை ஆகாது. மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கும், சிறிது யூரியா கொடுத்தால் அதிலிருந்தே புரதம் கட்டும். அடர்தீவனத்தில் யூரியா 1 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். கோழிக்கு அந்த வசதி இல்லை. நார் கூடினால் அதன் குடலில் இடத்தை அடைத்துக்கொண்டு வெளியே போய்விடும்.

சேலத்துத் திப்பி

நம் ஊரில் இந்த அறிவு பெரிய அளவில் வேலை செய்யும் இடம் சேலம். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1940களில் அங்கே மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆலையில் கிழங்கைக் கழுவி, தோல் நீக்கி, நீரோடு அரைத்து, சலிப்பார்கள். மாவுப்பால் தொட்டிக்குப் போகும். சல்லடையில் நிற்பது திப்பி.

அரைத்து, அலசி, நீரில் கழுவி வருவதால் திப்பியில் நஞ்சு பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. மேலே சொன்ன முதல் இரண்டு படியும் ஆலையிலேயே முடிந்துவிட்டன. ஆனாலும் காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கும் மேல் மாவுச்சத்து தங்கிவிடுகிறது; நாரோடு பின்னிக்கிடப்பதால் சல்லடையில் விழுவதில்லை. சத்துள்ள பண்டம்தான். சிமெண்ட் களத்தில் காயவைத்து மூட்டை பிடித்தால் தீவன ஆலைக்குப் போகும். பக்கத்திலேயே நாமக்கல்லின் கோழிப் பண்ணைகள் இருப்பது திப்பிக்குச் சந்தையைத் தந்தது. 2024இல் எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை அள்ளத் தொடங்கி விலை ஏறியபோது, இப்படிப்பட்ட மாற்றுப் பொருள்களின் தேவை இன்னும் கூடியது.

திப்பியில் உளுந்துப் பங்கு மிகக் குறைவு. புரதம் ஏறக்குறைய இல்லை. 1980களில் ஸ்ரீகாரிய நிலையத்தின் சி. பாலகோபாலனும் ஜி. பத்மஜாவும் இதற்கு ஒரு வழி தேடினார்கள். ஈரத் திப்பியில் டிரைக்கோடெர்மா பூஞ்சையை வளர்த்தார்கள். பூஞ்சை நாரையும் மாவையும் தின்று, கொடுத்த நைட்ரஜனை எடுத்துக்கொண்டு தன் உடலைப் புரதமாக வளர்க்கும். புரத அளவு பல மடங்கு உயர்ந்தது, கறிக்கோழிக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்தது. வெளியிலிருந்து உளுந்து வாங்காமல், மாவுக்குள்ளேயே உளுந்தை விளைவிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

வேண்டாத பூஞ்சை

நாம் விதைக்காத பூஞ்சை தானாக முளைத்தால் கதை வேறு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வளர்ந்து நஞ்சு சுரந்திருந்தது பிறகு தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் உலகத்துக்கு அப்படித்தான் அறிமுகமானது. பசுவுக்குப் போன அஃப்ளடாக்சின் உருமாறிப் பாலில் இறங்கும். குழந்தை குடிக்கும் பால் அது. இந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

சேலத்தில் காய்வது கழக்கூட்டத்தில் காயாததற்குக் காரணம் மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் ஓய்வதற்குள் வடகிழக்கு வந்துவிடும். காற்றிலேயே ஈரம். பாதி காய்ந்த தோலை மூடி வைத்தால் மூன்றாம் நாள் பச்சையும் கறுப்புமாகப் பூத்துவிடும். சேமிக்கிற பண்டத்தின் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். பூத்ததை உதறிவிட்டுப் போடலாம் என்று நினைக்கவே கூடாது.

சயனைடை இறக்க ஈரம் வேண்டும், பூஞ்சையைத் தடுக்க ஈரம் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே போக நைஜீரியாவில் ஒரு வழி கண்டார்கள். உலகிலேயே அதிகம் மரவள்ளி விளையும் நாடு அது. தோல் மலைமலையாகக் குவிந்து அழுகும், எரியும். இபாடானில் உள்ள சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு, 2015ஐ ஒட்டி, தோலைத் துருவி, சாக்கில் கட்டி, ஜாக்கியால் அழுத்திப் பிழியச் சொன்னது. துருவியதும் நொதி வேலை செய்கிறது, பிழிந்ததும் நீரோடு நஞ்சும் வெளியேறுகிறது. ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் உதிர்த்துப் பரப்பினால், இரண்டு மூன்று நாள் காய வேண்டியது ஒரே பகலில் காய்ந்துவிடும். சலித்தால் நயமானது கோழிக்கு, நாருள்ள சக்கை ஆட்டுக்கும் மாட்டுக்கும். சுமார் 3 டன் பச்சைத் தோலுக்கு 1 டன் காய்ந்த பண்டம்.

கழக்கூட்டத்துக்கு நான் கேட்பதும் இதைத்தான். ஒரு ஓட்டலின் தோல் ஒரு மாட்டுக்குப் போதாது, ஒரு மாட்டுக்காரர் துருவும் இயந்திரம் வாங்க முடியாது. பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒரு துருவி, ஒரு பிழிபொறி, மழைக்குக் கூரை போட்ட ஒரு களம் என்று வைத்தால், ஓட்டல்களின் தோலை அன்றன்றே அங்கே சேர்க்கலாம். பிழிந்த நீரை வாய்க்காலில் விடாமல் சாண எரிவாயுக் கலனுக்கு அனுப்புவதற்கு முன் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ந்த மூட்டையில் ஒரு மாதிரியை எடுத்துத் தீவனப் பரிசோதனைக்கு அனுப்பலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.

அதுவரை, வீட்டில் சீவிய தோலை வைத்துக்கொண்டிருப்பவர் செய்யக்கூடியது: பச்சையாகப் போடாமல் நசுக்கி, ஓர் இரவு ஈரத்தோடு விட்டு, நல்ல வெயிலில் மூன்று நாள் காயவைத்து, நொறுங்கும் பதம் வந்த பிறகு, முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு பத்து நாளில் மெல்ல ஏற்றிக் கொடுப்பது. வயிறு வெறுமையாக இருக்கும்போது கொடுக்காமல் வைக்கோல் தின்ற பிறகு கொடுப்பது. தின்ற சில நிமிடங்களில் மாடு மூச்சுவாங்கி, நடுங்கி, எச்சில் வடித்துத் தள்ளாடினால், கை வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழைத்து, மரவள்ளி தின்றது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்றி அவர் மாட்டைப் பிழைக்கவைக்க முடியும். அதற்கு அவர் கையில் மருந்தோடு கிளம்பியிருக்க வேண்டும்.